முதல் டூட்டி முதல் பொறுப்புச் செவிலியர் வரை: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். மாலை ஷிஃப்ட். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது நாளில் இருந்த ஒருவர், "சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பிபி பார்த்தேன், நன்றாக இருந்தது. காய்ச்சல் இல்லை. சார்ட்டில் சுவாச எண்ணிக்கை எழுதும் இடத்தில் காலையிலிருந்து வரிசையாக 20, 20, 20 என்று இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 28 வந்தது. மறுபடி எண்ணினேன். 28தான்.

டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிபி நன்றாக இருக்கிறதே, இதற்கா கூப்பிட்டாய் என்று கேட்டுவிட்டால்? சாப்பிடப் போயிருந்த சீனியர் வரட்டும் என்று காத்திருந்தேன். 40 நிமிடம். அவர் வந்து நோயாளியை ஒரு பார்வை பார்த்ததுமே போனை எடுத்தார். அன்று இரவே ஐசியு. நுரையீரலில் ரத்தக்கட்டி. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த 40 நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊசி போடுவது, கேனுலா (ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய்) போடுவது எல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். "எனக்குத் தெரியவில்லை", "எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதுதான் பலருக்கு வருடக்கணக்கில் வருவதில்லை. ஆரம்பத்தில் தடுமாற வைப்பது அதுதான். பிற்பாடு ஒருவர் மேலே போகிறாரா, இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறாரா என்பதையும் பெரும்பாலும் அதுவே முடிவு செய்கிறது.

படி 1: சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் சம்பளத்தைப் பார்க்கிறோம். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா" என்பார்களே, அப்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எத்தனை வாரம் ஒரு சீனியரின் கூடவே இருந்து பழகலாம்? இரவில் அந்த வார்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர்? போன வருடம் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

முதல் வேலை பொது வார்டிலா, நேரடியாக ஐசியுவிலா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். முறையான பயிற்சித் திட்டம் உள்ள ஐசியு என்றால் புதியவர்கள் தாராளமாகச் சேரலாம். பயிற்சி இல்லாமல் ஆள் பற்றாக்குறைக்காக எடுக்கிறார்கள் என்றால் வேண்டாம். அதைவிடப் பொது மருத்துவ வார்டிலோ அறுவை சிகிச்சை வார்டிலோ ஒரு வருடம் இருந்தால், பலவிதமான நோயாளிகளைப் பார்க்கலாம், ஒரே நேரத்தில் பலரைக் கவனிக்கும் பழக்கமும் வந்துவிடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி 10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனையையும் முடித்துக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் பதிவுச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் எத்தனை காலம், நடுவில் விலகினால் என்ன என்பதை முழுதாகப் படியுங்கள்.

படி 2: முதல் மூன்று மாதம்

படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி புதியவர்களை எப்படி உலுக்குகிறது என்பதை மார்லின் கிரேமர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1974லேயே ஆராய்ந்து எழுதினார். அந்த நிலைக்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார். முதலில் எல்லாம் புதிதாக, உற்சாகமாக இருக்கும். அடுத்து, "இதற்கா படித்தோம்" என்ற கோபமும் சோர்வும் வரும். அதைத் தாண்டினால்தான் நிதானம். வீட்டுக்கு வந்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. உங்களுக்கும் அப்படி இருந்தால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாதிப் பேர் இந்தப் பாதையில்தான் வந்திருக்கிறார்கள்.

1984ல் பாட்ரிஷியா பென்னர் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். புதியவர், முன்னேறிய தொடக்கக்காரர், திறன் பெற்றவர், தேர்ந்தவர், நிபுணர். ஒரே மாதிரியான வார்டில் இரண்டு மூன்று வருடம் இருந்தால்தான் மூன்றாவது படிக்கே வர முடியும் என்பது அவர் கணக்கு. இன்னொன்றையும் சொன்னார். நிபுணராக இருப்பவரே பழக்கமில்லாத வார்டுக்கு மாறினால் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடுவார். ஆறு மாதத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம்மை நாமே வதைத்துக்கொள்ளும் நேரத்தில் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறைக்கு வருவோம். புதியவர்கள் அதிகம் திணறுவது நேரத்தில்தான். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, பையில் மடித்து வைக்கும் ஒரு தாள். ஆளுக்கொரு கட்டம். அதில் படுக்கை எண், ஒவ்வாமை, என்ன நோய், இன்று எத்தனையாவது நாள், எத்தனை மணிக்கு என்ன மருந்து, ட்ரிப் எப்போது முடியும், என்ன பரிசோதனை முடிவு வர வேண்டும், யாருக்கு உணவு கொடுக்கக்கூடாது. வேலை முடிய முடிய அடித்துக்கொண்டே வாருங்கள். நினைவை நம்பாதீர்கள், ஏழு பேரின் விவரம் யார் தலையிலும் நிற்காது. ஷிஃப்ட் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போங்கள், அதில் நோயாளிகளின் சொந்த விவரம் இருக்கிறது.

ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிடுவார்கள். ஒருவருக்கு வலி மாத்திரை, ஒருவருக்கு ட்ரிப் முடிந்துவிட்டது, ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டும், ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது. மூச்சுத்தான் முதலில். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாவதில்தான் தப்பு செய்வோம். தலைசுற்றலோடு தானாக எழுந்து கழிவறைக்குப் போகப் பார்க்கும் முதியவரை வலி மாத்திரைக்கு முன்னால் பாருங்கள். விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அவருக்கு அது வேறொரு பெரிய நோய். முடிந்துபோன ட்ரிப்பை நிறுத்திவைக்கப் பத்து விநாடி போதும். வலியில் இருப்பவரிடம் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.

படி 3: மருந்து

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதியவர்களின் பயமும் நோயாளிகளின் ஆபத்தும் சந்திக்கும் இடம் இது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இந்த ஐந்தும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவர்கூட ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை வைத்து மட்டும் ஒருபோதும் மருந்து கொடுக்காதீர்கள், படுக்கை மாறுவது தினமும் நடக்கிறது.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம். 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருக்கும் ஜென்டமைசின் குப்பி. கொடுக்க வேண்டியது 60 மில்லிகிராம். 60ஐ 80ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. ட்ரிப்புக்கும் இப்படித்தான். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. செட்டின் உறையில் சொட்டு எண்ணிக்கை அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு. விடை வந்த பிறகு ஒரு கணம் நின்று, "இது நியாயமாகத் தெரிகிறதா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு குப்பி உடைக்க வேண்டும் என்று கணக்கு சொன்னால் பெரும்பாலும் புள்ளி இடம் மாறியிருக்கும்.

இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள், அடர் பொட்டாசியம் குளோரைடு. இந்த நான்கிலும் சின்னத் தவறு உயிரை எடுத்துவிடும். இவற்றுக்கு இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். உங்கள் விடையைச் சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது, அவர் மூளையும் உங்கள் விடையின் பின்னாலேயே போய்விடும். அடர் பொட்டாசியத்தை ஒருபோதும் நேரடியாக நரம்பில் தள்ளக்கூடாது, இதயம் நின்றுவிடும். நீர்த்துத்தான், மெதுவாகத்தான். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினில் 10 யூனிட் என்பது 0.1 மில்லிதான். இன்சுலின் ஊசிக்குழலைத் தவிர வேறு எதிலும் எடுக்காதீர்கள். யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். அரை மில்லிகிராமுக்கு முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்று எழுதுங்கள். 5க்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம், 5.0 அவசரத்தில் 50 ஆகத் தெரியும்.

டோபமின், டோபுடமின் மாதிரி ஒலி ஒத்த பெயர்களை உரக்கப் படித்துப் பாருங்கள். பாராசிட்டமால் இன்னொரு பொறி. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்சவரம்பு, எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மாத்திரையாக ஒன்று, ட்ரிப்பில் ஒன்று, வேறொரு வலி மாத்திரையில் கலந்து ஒன்று என்று மூன்று வழியில் போய்க்கொண்டிருக்கும். யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் கூட்டிப் பாருங்கள்.

மருந்து எடுக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "இதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். மரியாதைக் குறைவு என்று முதலில் தோன்றும். இல்லை. நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்து புரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், எழுதியவரையே கேளுங்கள். எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை.

படி 4: நோயாளி மோசமாவதை முதலில் பார்ப்பது

திடீரென்று மோசமானார் என்கிறோம். உண்மையில் பெரும்பாலும் பல மணி நேரத்துக்கு முன்பே உடம்பு அறிகுறி காட்டத் தொடங்கியிருக்கும். அதை முதலில் காட்டுவதும், நாம் அதிகம் அலட்சியப்படுத்துவதும் சுவாச எண்ணிக்கைதான். எண்ணாமலே 18, 20 என்று எழுதுவது எல்லா இடத்திலும் இருக்கும் வியாதி. பிபி விழுவது கடைசிக் கட்டம். அதுவரை உடம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பிபி நன்றாக இருக்கிறதே என்று அன்று நான் ஏமாந்ததற்குக் காரணமும் இதுதான். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும்.

பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்திய நியூஸ் என்ற மதிப்பெண் முறை இதற்கு நல்ல துணை. சுவாசம், ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கிறோமா என்பது, மேல் பிபி, நாடி, விழிப்பு நிலை, வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். சுவாசம் 12 முதல் 20 வரை என்றால் பூஜ்யம். 25ஐத் தொட்டால் அது ஒன்றுக்கே 3. புதிதாக ஏற்பட்ட குழப்பத்துக்கும் 3. மொத்தம் 5 வந்தால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரநிலை. உங்கள் மருத்துவமனையில் வேறு முறை இருக்கலாம், இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் இந்த எண்களை மனதில் வைத்திருந்தால் போனில் பேசும்போது பிடிமானம் கிடைக்கும்.

சிறுநீரின் அளவையும் விடாதீர்கள். மணிக்கு, ஒரு கிலோ எடைக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. இரண்டு மணி நேரமாகப் பை காலியாகவே இருந்தால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சொல்லுங்கள். நேற்று வரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று நேரம் காலம் தெரியாமல் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, சுகர் இறங்கியது, இதில் எதுவாகவும் இருக்கலாம். கையோடு சுகர் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

"இவர் எப்பவும் இப்படி இல்லை" என்று வீட்டார் சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். அவரை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்.

படி 5: டாக்டரைக் கூப்பிடுவது

அன்று எனக்கு இல்லாமல் போனது ஒரு வாக்கிய அமைப்புதான். அமெரிக்கக் கடற்படையில் பிறந்து மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் என்ற முறை அதைத் தருகிறது. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்ற நான்கையும் இந்த வரிசையில் சொல்ல வேண்டும். அன்று நான் இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"டாக்டர், அறுவை சிகிச்சை வார்டிலிருந்து பேசுகிறேன். 12ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் 92, நாடி 118. வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டாவது நாள், காலையில் நன்றாக இருந்தார், பிபி இப்போதும் சரியாக இருக்கிறது. நுரையீரல் சம்பந்தமாக ஏதோ நடக்கிறது என்று பயப்படுகிறேன். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும். அதுவரை ஆக்சிஜன் தொடங்கட்டுமா, ஈசிஜி எடுத்து வைக்கட்டுமா?"

அரை நிமிடம்கூட ஆகாது. கடைசிப் பகுதியைத்தான் புதியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். விவரத்தை எல்லாம் சொல்லிவிட்டு "அதான் டாக்டர், சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்று முடித்தால், தூக்கத்தில் இருக்கும் டாக்டர் "சரி, பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். வந்து பாருங்கள் என்று கேட்டுவிடுங்கள். போனில் மருந்து சொன்னால் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, "சரி" என்ற பதில் வாங்குங்கள். அவர் வரவில்லை, நோயாளி இன்னும் மோசமாகிறார் என்றால் அவருக்கு மேலே இருப்பவரையோ அவசரக் குழுவையோ கூப்பிடுங்கள். முதலில் உங்கள் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டால் நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்காது.

தேவையில்லாமல் கூப்பிட்டுத் திட்டு வாங்கியதாகத் தெரிந்தாலும் அதற்காக அடுத்த முறை தயங்காதீர்கள். திட்டு ஒரு நாளில் போய்விடும்.

படி 6: ஓவர் கொடுப்பதும் எழுதுவதும்

ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதுதான் ஓவர். அதை முடிந்தவரை படுக்கை அருகிலேயே கொடுங்கள். ட்ரிப், குழாய்கள், கட்டு, ஆக்சிஜன் மீட்டர் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து கண்ணால் பார்த்துவிடலாம். "எல்லாம் ஓகே" என்ற ஓவரை வாங்காதீர்கள்.

எழுதும்போது பார்த்ததை எழுதுங்கள். "நோயாளி நன்றாகத் தூங்கினார்" என்று எழுதுவதைவிட "2 மணிக்கும் 4 மணிக்கும் பார்த்தபோது தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு 16" என்பது உண்மையானது. டாக்டரைக் கூப்பிட்ட நேரம், என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று மூன்றையும் எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள், முன்கூட்டியே கையெழுத்தும் போட்டு வைக்காதீர்கள். 1850களின் கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த வீரர்களே அதிகம் என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உலகத்துக்குக் காட்டியது, இறப்புகளை முறையாகக் கணக்கெடுத்த பதிவுகளை வைத்துத்தான்.

படி 7: தவறு நடந்துவிட்டால்

நடக்கும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கும். முதலில் நோயாளியைப் பாருங்கள், பிபி, நாடி, மூச்சு, விழிப்பு. டாக்டரிடமும் பொறுப்புச் செவிலியரிடமும் உடனே சொல்லுங்கள். மாற்று மருந்து தேவையா, எவ்வளவு நேரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று கேளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சார்ட்டைத் திருத்தாதீர்கள். மறைத்த தவறுக்குத்தான் நோயாளி பலியாகிறார், சொன்ன தவறைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அதற்குப் பிறகு தூக்கம் வராது, கை நடுங்கும், எல்லோரும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். எப்படி நடந்தது என்று யோசிக்கும்போது "நான் கவனக்குறைவு" என்ற இடத்தில் நின்றுவிடாதீர்கள். ஒரே மாதிரியான இரண்டு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தனவா? ஒருவரே இருவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அதைச் சொன்னால்தான் அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருப்பார்.

படி 8: உங்கள் உடம்பும் மனசும்

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம், உடனே சொல்லிப் பதிவு செய்யுங்கள். எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம்தான். தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் அது தொற்றும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராகக் கூர்பொருள் பெட்டிக்குள்.

முதுகு போய்விட்டால் இந்த வேலை போய்விடும். படுக்கையை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், தனியாகத் தூக்காதீர்கள், நோயாளியை நகர்த்த அடியில் விரிக்கும் வழுக்குத் துணி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். நைட் டூட்டிக்கு முன் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். காபி, டீயை ஷிஃப்டின் முன்பாதியோடு நிறுத்தினால் காலையில் தூக்கம் வரும். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள்.

மனசுதான் கடினம். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கவனித்த ஒருவர் இறந்துபோவார், பத்து நிமிடத்தில் அடுத்த நோயாளி அதே படுக்கைக்கு வந்துவிடுவார். அழுவதற்கு நேரம் இருக்காது. எங்கள் வார்டில், இறந்தவரின் அருகில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவோம். அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு நிறையச் செய்தது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், நோயாளிகளைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தால் அது சோர்வைத் தாண்டிய நிலை, உதவி கேளுங்கள்.

சில சீனியர்கள் புதியவர்களைக் கடித்துக் குதறுவார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும், ஆனாலும் அது நியாயம் ஆகிவிடாது. வேலையில் உள்ள குறையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளிகள் முன்னால் அவமானப்படுத்தினால், தனியாகக் கூப்பிட்டு, "தப்பு இருந்தால் சொல்லுங்க சிஸ்டர், கத்துக்கறேன். ஆனால் நோயாளி முன்னாடி வேண்டாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பலர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். தொடர்ந்தால் தேதி, நேரம், சாட்சியோடு எழுதிவைத்து மேலே சொல்லுங்கள்.

படி 9: மேலே போவது

ஒரு வருடம் தாண்டியதும் அடுத்து என்ன என்ற கேள்வி வரும். வழிகள் நிறைய. நோயாளியின் அருகிலேயே இருந்து ஆழமாகப் போகலாம்: தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய், பச்சிளங்குழந்தைகள், அறுவை அரங்கு, வலி தணிப்பு, மனநலம். கற்பிக்கப் போகலாம். தொற்றுக் கட்டுப்பாடு, தரக் கண்காணிப்பு, ஆராய்ச்சி என்று போகலாம். நிர்வாகத்துக்குப் போகலாம். செவிலியரே நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் வழியும் உண்டு. 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் அதற்கான முதல் படிப்பைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அது தனித் தகுதி.

எதைத் தேர்ந்தெடுப்பது? கடினமான ஒரு ஷிஃப்ட் முடிந்த பிறகும் எந்த வேலையைப் பற்றி வீட்டில் போய்ப் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். அதில் பெரும்பாலும் பதில் இருக்கும். "வார்டு பிடிக்கவில்லை" என்பதற்காக நிர்வாகத்துக்குப் போகிறவர்கள் நல்ல நிர்வாகிகள் ஆனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியையும் மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சியையும் முதல் இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6ஐத் தாண்டாமல். இதைக் கை மறக்காமல் இருக்கவே அடிக்கடி பழக வேண்டும். வேறு நாட்டுக்குப் போக நினைத்தால் அந்த நாட்டின் பதிவு விதிகளை முதலில் படித்துவிட்டு, பிறகு பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் உங்கள் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும், 85 முதல் 150 கேள்விகள் வரை வரலாம். 2023 ஏப்ரலிலிருந்து நோயாளியின் நிலையை வைத்து முடிவெடுக்கும் திறனைத்தான் அதிகம் சோதிக்கிறார்கள். மனப்பாடம் உதவாது, நான்காம் படியில் சொன்ன பழக்கம் உதவும்.

இன்றிலிருந்தே ஒரு குறிப்பேடு வையுங்கள். என்ன செயல்முறையை எத்தனை முறை செய்தீர்கள், எந்தப் பயிற்சி, எந்தத் தேதி, வார்டில் நீங்கள் கொண்டுவந்த மாற்றம் என்ன. நோயாளியின் பெயர் வேண்டாம். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது "நன்றாக வேலை செய்வேன்" என்பதைவிட, "படுக்கைப்புண் வராமல் இருக்கத் திருப்பிப் படுக்க வைக்கும் அட்டவணையை எங்கள் வார்டில் தொடங்கினேன், ஆறு மாதம் நடத்தினேன்" என்று சொல்வது எடுபடும். நாமாகச் சொல்லாமல் யாருக்கும் தெரியாது. நல்ல செவிலியர்கள் பலர் இங்கேதான் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். "அடுத்த பொறுப்புக்கு நான் தயார், என்னிடம் என்ன குறைகிறது?" என்று மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதோடு மறுபடி போங்கள்.

படி 10: பொறுப்பு கைக்கு வரும்போது

பொறுப்புச் செவிலியரானதும் முதல் அதிர்ச்சி, நேற்று வரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இன்று வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது. நோயாளிகளை எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள், வேலைச் சுமையால் பிரியுங்கள். நடமாடும் ஐந்து பேரைவிட, இரண்டு மணிக்கொருமுறை திருப்ப வேண்டிய, குழாய்களோடு இருக்கும் இரண்டு பேர் கனம். மிக மோசமான நோயாளியைப் புதியவருக்குக் கொடுக்காதீர்கள், வேறு வழி இல்லையென்றால் பக்கத்துப் படுக்கைகளை அனுபவசாலிக்குக் கொடுங்கள். வார்டை முழுதாக ஒரு சுற்று வந்த பிறகே காகித வேலையில் உட்காருங்கள்.

போன மாதம் இரவு மூன்று மணிக்கு, சேர்ந்து ஏழு வாரம் ஆன ஒரு பெண் என் மேசைக்கு வந்து நின்றாள். "சிஸ்டர், ஒண்ணுமில்லாம இருக்கலாம். ஆனா எனக்குச் சரியாப் படல." நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். இருவரும் போய்ப் படுக்கைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். அவள் கையில் கடிகாரம் இருந்தது. "நீ எண்ணு" என்றேன். 19. நாடி, ஆக்சிஜன், சுகர் எல்லாம் பார்த்தோம், சரியாகவே இருந்தன. அரை மணி கழித்து மறுபடி பார்ப்பதாக அவளுடைய தாளில் எழுதிக்கொண்டாள். திரும்பி வரும்போது, "வீணா எழுப்பிட்டேனோ?" என்று கேட்டாள். அடுத்த முறையும் இப்படியே வந்து எழுப்பு என்று சொன்னேன்.